அறுபதைத் தாண்டியவர்கள் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போய் வர: கால் ஓயாமல், உடம்பு நோகாமல் ஒரு முழுமையான வழிகாட்டி

தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள், இரண்டு பேர் எண்பதை நெருங்குகிறார்கள். சில வருடங்களாக ஆறு ஏழு பேராகச் சேர்ந்து பினாங்குக்கு மூன்று நாள் போய் வருகிறோம். டிக்கெட் போடுவதிலிருந்து மாத்திரை எண்ணுவது வரை என் பொறுப்பு. முதல்முறை வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன்.

வயதானவர்களை வாட்டுவது தூரம் இல்லை. நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, இறங்கியதும் ஒரேயடியாக நடக்க விடுவதுதான் வாட்டுகிறது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் ஒரே கணக்குதான்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி அசைய வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது சுலபமாகும்.

1. நான்கு வாரம் முன்னால்: முதலில் கால்

எல்லாரும் டிக்கெட்டில் ஆரம்பிப்பார்கள். நான் நாற்காலியில் ஆரம்பிக்கச் சொல்வேன். கைப்பிடி இல்லாத, சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று மறுபடி மெதுவாக உட்காருங்கள். காலையில் எட்டு முறை, மாலையில் எட்டு முறை. முடியாவிட்டால் முதல் வாரம் கையை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. தொடைக்கு வலு வந்தால்தான் ரயில் இருக்கையிலிருந்தும், தாழ்வான காரிலிருந்தும், கழிப்பறையிலிருந்தும் அடுத்தவர் கையைப் பிடிக்காமல் எழ முடியும். பயணத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், நடப்பதைவிட அதுதான் அதிகமாக இருக்கும்.

அப்புறம் சமையலறை சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்துப் பதினைந்து தடவை. அதே சிங்க்கைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது, கால் மாற்றி இன்னொரு பத்து விநாடி. இது தடுமாறாமல் இருக்க.

நடையைப் பொறுத்தவரை, இப்போது எவ்வளவு நடக்கிறீர்களோ அதோடு வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் கூட்டுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் திடீரென்று ஒரு மணி நேரம் நடந்து முழங்காலை வீங்க வைத்துக்கொண்டு வருபவர் ஒவ்வொரு தடவையும் ஒருவராவது இருப்பார். நெஞ்சு இறுக்கினாலோ, மூச்சு வழக்கத்துக்கு மேல் வாங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. மூன்று வாரம் முன்னால்: டாக்டர், மாத்திரை

கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டைப் பயணத்துக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். டாக்டர் மாத்திரையை மாற்றினால் அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க நாள் வேண்டும். வெளியூரில் போய்த் தலை சுற்றி உட்காரக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளன்று அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். முன்பு காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நேரம் உட்காரலாமா, இறுக்கமான மருத்துவக் காலுறை வேண்டுமா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள்.

மருந்து மூன்று நாள் பயணத்துக்கு ஆறு நாளைக்கு இருக்கட்டும். மருந்தின் பெயர் அச்சிட்ட அட்டையோடு எடுங்கள், வெறும் டப்பாவில் கொட்டி எடுக்காதீர்கள். அவசரத்தில் வேறு ஒரு டாக்டர் பார்த்தால் அந்தப் பெயர்தான் அவருக்கு உதவும். அட்டைகளை ஒன்றாக அடுக்கிப் போனில் ஒரு படம் எடுத்து, கூட வருபவருக்கும் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.

3. காலணியும் கைத்தடியும்

புதுக் காலணியை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருந்தால் பயணத்திலும் சரியாக இருக்கும். வாங்கியதை மூன்று வாரமாவது வீட்டுக்குள்ளும் பூங்காவிலும் போட்டுப் பழகுங்கள். பின்பக்கம் பிடிப்பு இல்லாத ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு வெளியே சுற்ற வேண்டாம். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கால் விரல்கள் மடங்கியே இருக்கும், நடை தேய்ந்து இழுபடும், அப்புறம் தடுக்கும். குளியலறைக்கு மட்டும் வழுக்காத ரப்பர் செருப்பு ஒன்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கழிப்பறைகளில் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத உணர்ச்சி குறைந்திருக்கலாம், காலணிக்குள் கல் இருந்தாலும் தெரியாது. போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், இரவில் பாதத்தைப் பாருங்கள்.

கைத்தடியின் உயரத்தை ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். காலணி போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அப்படிப் பிடித்தால் பாரம் முழுக்க வலிக்கிற காலிலேயே இறங்கும்.

4. டிக்கெட்டும் தங்கும் இடமும்

காரைவிட இடிஎஸ் (ETS) என்னும் மின்சார விரைவு ரயிலை நான் விரும்புவதற்கு ஒரே காரணம், அதில் எழுந்து நடக்க முடியும், கழிப்பறை உண்டு. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே. பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூச நேரத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்த நாள்களைத் தவிர்ப்பதே நல்லது. மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, டிக்கெட் போடும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள், பயணத்தன்று மைகார்டு (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும்.

ஜன்னலோரம் வேண்டாம், நடைபாதைப் பக்க இருக்கையே போடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவரை எழுப்பச் சங்கடப்பட்டு நான்கு மணி நேரமும் அசையாமல் இருந்துவிடுவார். காலை எட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பும் வண்டி நல்லது. விடியற்காலை வண்டி என்றால் பதற்றத்தில் தூக்கம் போய்விடும், மாலை வண்டி என்றால் இருட்டில் புது இடத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

தங்கும் இடம் பிடிக்கும்போது இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்காமல் போன் போட்டுக் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, குளியலறையில் நின்று குளிக்கும் ஷவரா அல்லது தொட்டிக்குள் ஏறி நிற்க வேண்டுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளை ஓட்டலாக மாற்றிய இடங்கள் நிறைய, அழகாக இருக்கும், ஆனால் பலவற்றில் செங்குத்தான மரப்படிதான். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கும்போது விழுவது இந்த வயதில் சாதாரணமாக நடக்கிறது, அதனால் இந்தக் கேள்வியை மட்டும் விடாதீர்கள்.

5. இரண்டு பை

பெரிய பையை உருட்டலாம். சின்னப் பை உடம்போடு இருக்க வேண்டும். ஒருமுறை எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் மாத்திரை, சர்க்கரை மீட்டர் எல்லாவற்றையும் பெரிய பையில் வைத்துவிட்டார். அந்தப் பை முதலில் கிளம்பிய காரில் ஏறி ஓட்டலுக்குப் போய்விட்டது, நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து சின்னப் பையில் என்ன இருக்கிறது என்று கிளம்பும்முன் திறந்து காட்டச் சொல்வேன்: இரண்டு நாள் மாத்திரை, மைகார்டு, தண்ணீர், சால்வை, குடை, டிஷ்யூ, மாற்று உள்ளாடை ஒன்று, சர்க்கரைப் பொட்டலம், கழிப்பறைக்குச் சில்லறைக் காசு, வீட்டு எண் எழுதிய காகிதம். போன் பேட்டரி தீர்ந்தால் அந்தக் காகிதம்தான் துணை.

இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டு இறங்காதீர்கள், சூடு பட்டால் மருந்து வேலை செய்யாது. ஐஸ் கட்டி மேல் நேராக வைத்து உறையவும் விடாதீர்கள்.

6. ரயிலில்

பலர் செய்யும் முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது. வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, உடம்பு வறண்டபின் எழுந்து நின்றதும் கண் இருட்டும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் எரியும். ரயிலில் கழிப்பறை இருக்கிறது, தைரியமாகக் குடியுங்கள். ஒரேயடியாக வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை நாலைந்து வாய். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைப் பங்கு போட்டுக் குடியுங்கள்.

ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், லிஃப்ட் எங்கே என்று பார்த்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள். பெட்டியோடு எஸ்கலேட்டர் வேண்டாம். பை ஒரு படி, கால் ஒரு படி என்று பிரிந்தால் யாராலும் நிலையாக நிற்க முடியாது.

வண்டி கிளம்பியதும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தஞ்சோங் மாலிம், கம்பார், தைப்பிங் என்று மூன்று ஊர்ப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். பெயர்ப் பலகையைப் பார்த்ததும், வண்டி சீராக ஓடும் நேரமாகப் பார்த்து எழுந்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்தபடி பெட்டியின் கடைசி வரை போய் வாருங்கள். நடுவில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டுங்கள். கெண்டைச் சதை சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள இரத்தம் மேலே ஏறும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது. கால் மேல் கால் போட்டு உட்காராதீர்கள், காலடியில் பையை வைத்து இடத்தை அடைக்காதீர்கள்.

ஏர்கான் குளிரும். குளிரில் தசை விறைத்துவிட்டால் இறங்கும்போது முதல் பத்து அடி நொண்டி நொண்டித்தான் வரும், அதனால் சால்வையை முழங்கால் மேல் போடுங்கள். பட்டர்வொர்த் வருவதற்குக் கால் மணி முன்பே நின்று, காலை மடக்கி நீட்டி, கழிப்பறைக்குப் போய்விட்டு இருக்கைக்கு வந்துவிடுங்கள். அதுதான் கடைசி நிலையம், எல்லாரும் இறங்கியபின் இறங்கினால் போதும்.

7. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு

ரயில் நிலையமும் பினாங்கு சென்ட்ரல் பேருந்து நிலையமும் ஃபெரித் துறையும் பக்கம் பக்கம்தான், நடைபாதை இணைக்கிறது. ஆனால் பெட்டியோடு போகும்போது அந்த நடை நினைத்ததைவிட நீளமாகத் தெரியும். நான்கு மணி நேரம் உட்கார்ந்த கால் இன்னும் முழுதாக இளகியிருக்காது, அதனால் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து போங்கள். 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் ஆள்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான், கார் ஏறாது. கடலைத் தாண்டக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஃபெரி கரையை முட்டி நிற்கும்போது ஒரு குலுங்கு குலுங்கும், முழுக்க நின்ற பிறகு எழுந்தால் போதும்.

மழை கொட்டினாலோ, கூட்டத்தில் யாருக்காவது கால் ஒத்துழைக்காவிட்டாலோ ஃபெரியைப் பிடித்தே தீர வேண்டும் என்று நிற்காமல், கிராப் வாடகைக் கார் பிடித்துப் பாலத்தின் வழியே போய்விடுங்கள்.

8. பினாங்கில் ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

காலை ஏழிலிருந்து பத்து வரை ஒரு நடை. பத்தரைக்கு அறை, மதியச் சாப்பாடு, படுக்கை. நாலரையிலிருந்து ஆறரை வரை இன்னொரு நடை. இடையில் உள்ள வெயில் நம்முடையது இல்லை. பிள்ளைகள் கூட்டிப்போகும்போது இங்கேதான் சறுக்குகிறார்கள், ஒரே நாளில் ஆறு இடம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பன்னிரண்டு மணி வெயிலில் சுவர் ஓவியத்துக்கு முன் நிறுத்துவார்கள். ஒரு நடைக்கு ஒரு இடம் போதும். ஜார்ஜ் டவுனுக்குள் கேட் (CAT) என்னும் இலவசப் பேருந்து சுற்றுகிறது, காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே ஊரைப் பார்க்க அதில் ஒரு சுற்று போகலாம்.

நடக்கும்போது களைப்பு வருவதற்கு முன்பே உட்காருங்கள். இருபது நிமிட நடை, ஐந்து நிமிட உட்கார்தல். களைத்தபின் உட்கார்ந்தால் மறுபடி எழ மனம் வராது, அன்றைய நடை அதோடு முடிந்தது.

அஞ்சடியைப் பற்றி, அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு உள்ள நடைபாதையைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியாவில் பாசார் தெரு, குயின் தெருப் பக்கம் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நிழலாக இருக்கும், எல்லாரும் அதில்தான் நடப்பார்கள். ஒரு கடையின் அஞ்சடிக்கும் அடுத்த கடையின் அஞ்சடிக்கும் மட்டம் ஒன்றாக இருக்காது. அரை சாண் ஏறும், அப்புறம் நாலு விரல் இறங்கும், டைல்ஸ் நிறம் மாறும், நடுவில் ஒரு சின்ன வடிகால். எங்கள் அக்கா ஒருவர் பூக்கடையைப் பார்த்துக்கொண்டே நடந்து அந்த நாலு விரல் இறக்கத்தைக் கவனிக்கவில்லை. காலை ஊன்றினார், தரை அங்கே இல்லை. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்ததால் தப்பித்தார், முகம் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு விதி: பார்க்க வேண்டுமென்றால் நில்லுங்கள், நடக்க வேண்டுமென்றால் தரையைப் பாருங்கள். டைல்ஸ் நிறம் மாறும் இடத்தில் மட்டமும் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், கீழே தரை மங்கலாகத் தெரியும்.

சாப்பாட்டில் நேரம்தான் முக்கியம். சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை, சாப்பாடு வரப்போவது உறுதியான பிறகே போடுங்கள். நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசை நீளமாக இருக்கும் என்று தெரிந்தும் அறையிலேயே மாத்திரை போட்டு வந்து வேர்த்து நடுங்கியவரைப் பார்த்திருக்கிறேன். நடுக்கம், திடீர் வேர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் இருந்தால், மீட்டரில் 4-க்குக் (mmol/L) கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர எண் 999-ஐ அழையுங்கள். மற்ற நேரம் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேளுங்கள், மூன்று நாளும் இனிப்பான தே தாரிக் குடித்தால் சர்க்கரை தாறுமாறாக ஏறும்.

இரவில் கழிப்பறைக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுங்கள். படுத்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அதுவும் பழகாத அறையில், இருட்டில். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துப் படுங்கள்.

9. படிகளும் மலையும்

கோலாலம்பூர் பக்கம் உள்ள பத்துமலையின் 272 படிகளை ஏறுகிறேன், பினாங்குத் தண்ணீர்மலை எனக்குப் பெரிதில்லை என்று ஒருவர் சொன்னார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏற ஆசைப்படுபவர்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். ஏறும்போது நல்ல காலை முதலில் மேல்படியில் வையுங்கள், வலிக்கிற காலும் தடியும் பின்னால் வரட்டும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் பின்னால். ஏறும்போது உடம்பைத் தூக்குவதும், இறங்கும்போது தாங்கி நிறுத்துவதும் நல்ல காலின் வேலை. “அக்கா, ஏற நல்ல கால், இறங்க வலிக்கிற கால்” என்று பக்கத்தில் நடப்பவர் சொல்லிக்கொண்டே வந்தால் பத்துப் படியில் பழகிவிடும். துணைக்கு வருபவர் ஏறும்போது ஒரு படி பின்னாலும் இறங்கும்போது ஒரு படி முன்னாலும் இருக்க வேண்டும்.

ஏற முடியாதவர்களை அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள், அது அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். அதே சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, மலை ஏறாமலே முருகனைக் கும்பிடலாம். இன்னும் கொஞ்சம் தள்ளித் தாவரவியல் பூங்கா, நிழலான தார்ச் சாலையில் நன்றாக நடக்கலாம். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் மட்டும் வெளியே தெரியக் கூடாது, குரங்கு பிடுங்கும், பிடுங்கும்போதுதான் ஆள் விழுவார்.

பினாங்கு மலைக்குக் காலையில் முதல் வண்டிகளிலேயே போய்விடுங்கள், அப்புறம் வரிசை நீண்டுவிடும். சரிவில் ஏறும் ரயில் என்பதால் பெட்டிக்கு உள்ளேயே படிபடியாகத்தான் இருக்கும், ஏறியதும் பக்கத்தில் உள்ள கம்பியைப் பிடியுங்கள். உச்சியில் காற்று குளுமையாக இருக்கும், நடக்க மனம் வரும். முடியாதவர்களுக்குப் பக்கி வண்டி உண்டு. சக்கர நாற்காலியையும் இப்படித்தான் பார்க்கிறேன்: நீண்ட வரிசைக்கும் நீண்ட தூரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், நடக்கக்கூடிய இடத்தில் இறங்கி அதையே தள்ளிக்கொண்டு நடக்கட்டும். மூன்று நாளும் அதிலேயே உட்கார வைத்தால், நான்கு வாரமாகச் சேர்த்த வலு வீணாகிவிடும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

மறுநாள் முழுக்கப் படுக்க வேண்டாம். வழக்கமான நடையில் பாதி நடங்கள், நாற்காலி எழுச்சியை விடாதீர்கள். பாதத்தில் கொப்புளம், காயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால், தலையணை வைத்து உயர்த்திப் படுத்தாலே ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். அதோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 999. பயணம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட இது வரலாம், அதனால் டாக்டரிடம் நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், நினைவு இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, எங்கே உட்கார பெஞ்ச் கிடைத்தது, யாருக்கு எந்த நேரத்தில் களைத்தது. அடுத்த தடவை டிக்கெட் போடுவதற்கு முன் நான் திறந்து பார்ப்பது அந்த நோட்டைத்தான்.